லோக்கலில் இருந்தேன்

அறுபத்தொரு சதவீதம் என்றது திரை. நொய்யலிலிருந்து பவானிக்குப் போய்க்கொண்டிருந்தது எல்லாம். கோயம்புத்தூர்க்காரர்கள் தங்கள் சர்வர்களுக்கு ஆறுகளின் பெயரை வைத்திருந்தார்கள், பழைய சர்வர் நொய்யல், போன மாதம் வந்தது பவானி, அந்தப் பழக்கத்தில் நாகர்கோவில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அவர்களுக்கு வேலை பார்க்கும் பியூலாவும் தன்னுடைய மடிக்கணினிக்குப் பழையாறு என்று பெயர் கொடுத்திருந்தாள். ஐம்பத்துமூன்று ஊர்களில் டயாலிசிஸ் மையங்கள், எந்த நோயாளி எந்த நாள் எத்தனை மணிக்கு எந்தப் படுக்கைக்கு வரவேண்டும் என்கிற அட்டவணை சனிக்கிழமையே பவானிக்கு மாறிவிட்டது, இப்போது போவது பழைய வருடங்களின் பதிவுகள், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, யாருக்குப் பாதியில் ரத்த அழுத்தம் விழுந்தது என்பதெல்லாம். ஒரு மணிக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் எண்ணிக்கையைச் சரிபார்த்து நொய்யலைத் துடைத்துக் காலி செய்யவேண்டும். இதெல்லாம் பத்து நாளாகத் தெரிந்த வேலை. தெரியாமல் வந்தது பத்தே முக்காலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து மேலாளர் கஸ்தூரி மேடத்தின் செய்தி. பியூலா, நம்மகிட்ட இருந்த கோலப்பனை ஒரு கம்பெனியில எடுக்கறாங்க, எப்படி ஆளுன்னு கேக்கறாங்க, கூட வேலை செஞ்சது நீங்கதானே, ஒரு மணிக்குள்ள ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, அந்த விஷயத்தையும் எழுதறதான்னு நீங்களே பாத்துக்கங்க. படித்து முடித்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். இத்தனை சீக்கிரம் முடிவு வந்தது அவளுக்கே சந்தேகமாக இருந்தது. இரண்டு வருடம் வராத முடிவு, ஒரு வாய் காப்பி உள்ளே இறங்குவதற்குள் வந்துவிடுமா. வந்துவிட்டது. இனி ஒரு மணி வரைக்கும் அதைக் கையிலிருந்து நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளவேண்டும், அதுதான் வேலை.

கடிதத்தை மடிக்கணினியிலேயே எழுத ஆரம்பித்தாள். கறுப்புத் திரையில் அடியில் பச்சைப் பட்டை ஓடினால் அது வீடு, பழையாறு. சிவப்புப் பட்டை ஓடினால் அது கோயம்புத்தூர். இரண்டும் ஒரே திரைக்குள், ஒன்றுக்குள் ஒன்று. கன்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து ஒருமுறை அமுக்கினால் வீட்டிலிருக்கும் இயந்திரம் காதைத் தீட்டிக்கொள்ளும், இரண்டுமுறை அமுக்கினால் அது தான் வைத்துக்கொள்ளாமல் அப்படியே தூரத்து இயந்திரத்திடம் கொடுத்துவிடும், பிறகு சொல்வதெல்லாம் அங்கேதான். ஒன்று என்றால் இங்கே, இரண்டு என்றால் அங்கே. ஒரு சின்னக் குழந்தைக்குக்கூடச் சொல்லிக்கொடுத்துவிடலாம். 'திரு. கோலப்பன் எங்களிடம் எட்டு மாதம் பணியாற்றினார். கவனமானவர்.' கவனமானவர் என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உண்மைதான். ஒரு கமாண்டை அடித்துவிட்டு என்டர் தட்டுவதற்கு முன் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இன்னொருமுறை படிப்பவர், அதை அவரே ஒருநாள் சொல்லிச் சிரித்தார். உண்மையை மட்டும் எழுதியே பொய் சொல்லிவிடலாம் என்பது அவளுக்குத் தெரிந்த வித்தை. இந்த இரண்டு வரியோடு நிறுத்தினால் வேலை அவருக்குக் கிடைத்துவிடும், அவளுக்கும் ஒன்றும் ஆகாது, எல்லோருக்கும் நல்லது. அந்த விஷயத்தை எழுதாமல் விட்டது பெருந்தன்மை என்றுகூட மேடம் நினைப்பார். பெருந்தன்மை. கோலப்பனை மன்னித்த பெருந்தன்மை. இரண்டு வரியையும் அழித்தாள். அழிப்பதற்கு முன் கண் தானாகப் பச்சைப் பட்டையைத் தேடிப் போயிற்று. அன்றைக்கு இந்த நிறமெல்லாம் இல்லை. அன்றைக்கு இரண்டுமே பச்சை. அந்த நாளுக்குப் பிறகு ஒரு வாரம் கழித்துத்தான் தூரத்தைச் சிவப்பாக்கினாள். ஏன் திடீரென்று சிவப்பு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க ஆளும் இல்லை, கோலப்பன் போயிருந்தார்.

அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே செஷனுக்குள் இருந்தார்கள். அவர் சுசீந்திரத்தில் தன் வீட்டில், இவள் இங்கே, ஆனால் கோயம்புத்தூரில் ஓடிக்கொண்டிருந்த ஒரே திரையை இருவரும் பார்த்தார்கள், இவள் அடிக்கும் எழுத்து அவருக்கு முன்னால் விழும், அவர் அடிப்பது இவள் முன்னால் விழும், எந்த எழுத்து யாருடைய விரல் என்று இயந்திரத்துக்குத் தெரியாது, இரண்டு பேருக்கும் ஒரே லாகின். பேசவேண்டியதையும் அதிலேயே பேசிக்கொள்வார்கள், வரியின் முன்னால் ஒரு குறுக்குக்கோட்டுக் குறியைப் போட்டுவிட்டால் இயந்திரம் அதைக் கட்டளையாக எடுக்காது, சாப்பிட்டாச்சாக்கா, இப்பதான் புட்டு, என்று ஓடும். மழை பெய்திருந்தது. அது மட்டும் ஏனோ நன்றாக ஞாபகம், ஜன்னல் கம்பியில் வரிசையாக நீர்த்துளி. சோதனைக்காக அட்டவணையின் ஒரு பிரதியைப் பழையாற்றில் வைத்திருந்தாள், அதே பெயரில், அதை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க நினைத்தாள். வீட்டுக்குத் திரும்ப ஒருமுறை அமுக்கவேண்டிய இடத்தில் விரல் இரண்டுமுறை அமுக்கியது. காலையிலிருந்து நூறு தடவை இரண்டுமுறை அமுக்கிய விரல். திரை மாறியது, பச்சைப் பட்டை, அதேபோல் ஒரு வெற்று வரி, கண்சிமிட்டும் கட்டம். வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தாள். வரவில்லை. கோயம்புத்தூருக்குள்ளேயே இன்னொரு அறைக்குப் போயிருந்தாள், நிஜ அட்டவணை இருக்கும் இடத்தில். அடித்தாள். என்டர். சாதாரணமாக ஒரு நொடியில் முடிவது நாலைந்து நொடி எடுத்தது, அந்த நாலைந்து நொடிக்குள்தான் தெரிந்தது. தெரிந்ததா. தெரியவில்லை என்று எத்தனையோ தடவை தனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறாள். தெரிந்தது, உள்ளங்காலிலிருந்து தெரிந்தது. அப்போது அதே திரையில், அவள் கண்ணுக்கு முன்னால், குறியைப் போட்டு ஒவ்வொரு எழுத்தாக வந்தது, அக்கா இப்ப நீங்க ஏதாவது அடிச்சீங்களா. அவள் விரல் குறியைப் போட்டது. இல்லையே என்று அடித்தது. அந்த ஏகாரம் எதற்கு என்று இன்றைக்கும் புரியவில்லை. இல்லை என்று நிறுத்தியிருக்கலாம். இல்லையே என்பதில் ஒரு வியப்பு இருக்கிறது, ஒரு கேள்வி இருக்கிறது, அப்படியென்றால் நீங்கள்தானோ என்று கேட்கிற ஒரு பாவனை.

கால்மணி நேரத்தில் மேடம் இருவரையும் போனில் சேர்த்துக் கூப்பிட்டார். யாரு அடிச்சது. யாருடைய வீட்டிலோ மிக்சி ஓடியது. நான் அடிக்கல மேடம் என்றார் கோலப்பன். அடுத்து தன்னுடைய குரல், மிகவும் நிதானமாக: நான் அப்போ லோக்கல்ல இருந்தேன் மேடம். அது பொய்யில்லை என்பதுதான் அதில் மோசம். லோக்கலில், தன் சொந்த மடிக்கணினியில், இருப்பதாகத்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டிருந்தேன் என்ற ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டால் மிச்சமெல்லாம் உண்மை. லோக்கல்ல இருந்தேன். பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில், பல் தேய்க்கும்போது, திடீரென்று அந்த வாக்கியம் அவள் குரலிலேயே வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் முழங்காலிட்டுப் பாவ அறிக்கை படிக்கையில் அவளும் படிப்பாள், முந்நூறு குரலில் எந்தக் குரல் யாருடையது என்று தெரியாது, அந்த இரைச்சலுக்குள் சொல்லிவிட்டதாகத் தன்னை நம்பவைக்கப் பார்ப்பாள், கணவர் ஜெயசிங் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார், இருபது வருடம் கூட வாழ்ந்தவரிடமும் அவள் சொல்லவில்லை. எட்டு மாசம்தான் ஆச்சு அவர் வந்து, பழகல இன்னும், என்றார் மேடம், அந்த மாதக் கடைசியோடு கோலப்பன் நின்றார். யாரும் சாகவில்லை. அதையும் சொல்லிக்கொள்வாள். முந்தின நாள் இரவு எடுத்த பிரதி இருந்தது, அரை நாள் பதிவுதான் போயிற்று. மையங்களில் வந்த புகார்களைக் கேட்டுக் குறித்துவைப்பது அவள் பொறுப்பில் வந்தது, கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் குரல், காலையில அஞ்சு மணிக்கு பஸ் ஏறி வந்திருக்கோம், பேரே இல்லைங்காங்க, இவருக்கு கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு, நான் எங்கன போய் நிக்க. சத்தம் போடவில்லை அந்தப் பெண். வழி கேட்பதுபோலக் கேட்டாள். அந்தக் குரல்பதிவை மூன்றுமுறை கேட்டுவிட்டுத்தான் பியூலா குறித்துவைத்தாள், அட்டவணைக் கோளாறு, தீர்க்கப்பட்டது.

"மீனு வேணுமா டீச்சரம்மா? சாளை இருக்கு, இப்ப வந்தது." கீழே வாசலில் மீன்காரி. ஜெயசிங் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்பதால் அவளும் டீச்சரம்மா. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இன்னைக்கு வேண்டாம்மா, வேலை கெடக்கு என்றாள். அந்தப் பெண் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனதைத் தெருமுனைவரை பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றியது. போய்ச் சாளை வாங்கலாம், செதிள் எடுக்கலாம், தேங்காய் அரைக்கலாம், மணி ஒன்றாகிவிடும். முடிவு இப்படித்தான் நழுவும், யாரும் பிடுங்கிக்கொண்டு போவதில்லை, சாளை வந்து நிற்கும். திரும்பி உட்கார்ந்தாள். எழுபத்தெட்டு. வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நெட் சென்டர், போன வருடம் பஸ் சிக்னலில் நின்றபோது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கோலப்பன் இருந்தார். அது அவருடைய மச்சான் கடை என்று பிறகு யாரோ சொன்னார்கள். கையில் யாருடைய ஆதார் அட்டையோ, எதிரில் ஒரு வயதானவர், பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி ஒரு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். அடித்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துப் படித்துப் பார்த்தார். அவள் ஜன்னலோர சீட்டிலிருந்து சரிந்து உட்கார்ந்தாள், அவர் நிமிரவே இல்லை, ஆனாலும் சரிந்தாள், அடுத்த ஸ்டாப் வரை கழுத்து வலிக்க அப்படியே இருந்தாள். சர்வர்களை ஆண்ட கை. சரி, இதையும் கடிதத்தில் எழுதவா. எழுத முடியாது. கடிதத்தில் சொல்வதும் ஒளிந்துகொள்வதுதான், அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவைத்துவிடலாம். வாயால் சொல்லவேண்டும். முதலில் மேடத்திடம். அப்புறம் அவரிடம். அவர் எண் இருக்கிறது, அழிக்கவில்லை.

பன்னிரண்டு இருபதுக்குக் கரண்ட் போனது. ஃபேன் தளர்ந்து தளர்ந்து நின்றது, வைஃபை பெட்டியின் விளக்குகள் ஒன்றாக அணைந்தன, திரை அப்படியே எண்பத்தொன்பதில் உறைந்து நின்றது. ஒன்றும் ஆகாது என்று தெரியும். அறுந்தது இவளுக்கும் அதற்கும் நடுவிலுள்ள கம்பிதான், அங்கே செஷன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், பார்க்க ஆளில்லாமலேயே கோப்புகள் போய்க்கொண்டிருக்கும். போனிலிருந்து நெட்டை எடுத்து மறுபடி உள்ளே நுழைந்தாள். அவசரத்தில் பாஸ்வேர்டு இருமுறை தப்பியது. மூன்றாவது தடவை கதவு திறந்து சிவப்புப் பட்டை வந்தது, தொண்ணூற்று மூன்று. வியர்வை புறங்கழுத்தில் இறங்கியது. எதற்குப் பயப்படுகிறேன் என்று வரிசையாகக் கேட்டுப் பார்த்தாள். வேலை போகும் என்றா. போனால் போகட்டும் என்று இல்லை, போகக்கூடாதுதான், ஆனால் அது இல்லை. மேடம் என்ன நினைப்பார் என்றா. அதுவும் இல்லை. இன்று சொல்லிவிட்டால் நேற்றுவரை சொல்லாமல் இருந்த ஒவ்வொரு நாளும் கணக்கில் வந்துவிடும், அதுதான். தப்பு ஒரு நொடிதான். மற்றதெல்லாம், காப்பி குடித்த, கோயிலுக்குப் போன, சிரித்த எழுநூறு நாளும் அவளாகச் செய்தது. விரலின்மேல் போடமுடியாது. நூறு என்று வந்தது. நொய்யலிலும் பவானியிலும் கோப்புகளை எண்ணினாள், இரண்டும் ஒரே எண். ஒருமுறை கூட எண்ணினாள். அதே எண். மணி பன்னிரண்டு நாற்பத்திரண்டு. போனை எடுத்தாள்.

"சொல்லுங்க பியூலா. முடிஞ்சுதுங்களா?"

"ஃபைலெல்லாம் காப்பி ஆகி முடிஞ்சிட்டு மேடம். சரி பாத்தாச்சு. அழிக்கதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோலப்பன் விஷயம்."

"ஆமா, அவங்க காத்திட்டிருக்காங்க. எழுதிட்டீங்களா?"

"எழுதல. ரெண்டு வருஷம் முன்னாடி அட்டவணைய அழிச்சது நான்தான் மேடம். அவர் இல்ல. என் மெஷின்ல இருக்கேன்னு நெனச்சு அடிச்சேன். அடிச்ச உடனே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் சொல்லல."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம். கதவு சாத்தும் சத்தம். மின்விசிறி நின்றுபோன அறையில் தன் மூச்சு தனக்கே கேட்டது. ஏதாவது சேர்த்துச் சொல்லவேண்டும்போல நாக்கு துடித்தது, மழை, பச்சைப் பட்டை, களைப்பு, அப்போது மாமியாருக்கு உடம்பு சரியில்லை. எதையும் சேர்க்கவில்லை.

"நீங்க அப்ப போன்ல லோக்கல்ல இருந்தேன்னு சொன்னீங்க," என்றார் மேடம்.

"ஆமா."

"நான் அதை எழுதி வெச்சேன். அதை வெச்சுத்தான் அவரை அனுப்பினேன்." பிறகு, "எனக்கு இப்ப உங்ககிட்ட என்ன பேசறதுன்னு தெரியல பியூலா. அந்தக் கம்பெனிக்கு நானே கூப்பிட்டு நடந்ததைச் சொல்றேன். உங்க விஷயம் திங்கக்கிழமை. நேர்ல வாங்க."

"வாறேன் மேடம்."

"நொய்யலை யாரு துடைக்கறது இப்ப? இங்க ஆபீஸ்ல தெய்வநாயகத்தைப் பண்ணச் சொல்லட்டுங்களா?"

விட்டுவிட்டால் எத்தனை சுலபம். மனசு ஒரு நிலையில் இல்லை, வேறு யாராவது செய்யட்டும் என்று சொன்னால் அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். "என் வேலை மேடம். நானே முடிக்கேன். நான் அடிக்கேன்னு எழுதி வச்சுக்கோங்க."

"சரி," என்றார் மேடம். வைத்துவிட்டார்.

அடுத்த எண்ணை உடனே அழுத்தினாள். இடைவெளி விட்டால் தண்ணீர் குடிக்கத் தோன்றும், முகம் கழுவத் தோன்றும், சாயங்காலம் பேசலாம் என்று தோன்றும். ஆறாவது ரிங்கில் எடுத்தார். பின்னால் ஒரு பிரிண்டர் கரகரவென்று ஓடியது.

"சொல்லுங்கக்கா." எண்ணை அவரும் அழிக்கவில்லை.

"கோலப்பன், அன்னைக்கு அடிச்சது நான். இப்பதான் கஸ்தூரி மேடத்துக்கிட்ட சொன்னேன். அவங்க அந்தக் கம்பெனியில பேசுவாங்க. உங்ககிட்டயும் நான் சொல்லணும்லா, அதான்."

பிரிண்டர் நின்றது. யாரோ எத்தனை பிரின்ட் என்று கேட்க, ரெண்டு எடும் என்று அவர் வேறு பக்கம் திரும்பிச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்லாக்கா," என்றார். "நான் அடிக்கலன்னா நீங்கதானே. ரெண்டு பேருதானே உள்ள இருந்தோம்."

அது இத்தனை எளிய கணக்கு என்பதை அவள் ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் சந்தேகத்தோடு இருப்பார், தன்னையேகூட ஒருவேளை சந்தேகிப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். முதல் நொடியிலிருந்தே தெரிந்திருக்கிறது. கேட்டபோதே தெரிந்துதான் கேட்டிருக்கிறார்.

"பின்ன ஏன் நீங்க மேடத்துக்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். அன்னைக்கு சாயங்காலம் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். மறுநாள் நெனச்சேன். அப்புறம் நான் சொன்னா யாரு நம்புவா." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழலாம். "எங்க அம்மை மட்டும் ரொம்ப நாள் கேட்டா, நீ என்னத்தடே ஒடச்ச அங்கனன்னு."

"மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு…"

"அத விடுங்கக்கா. அது இப்ப முடியாது." அவர் சொன்ன விதத்தில், எப்போதாவது முடியுமா என்றும் தெரியவில்லை, முடியவே முடியாது என்றும் இல்லை. "மேடம் பேசுவாங்கல்லா? இன்னைக்கே?"

"இன்னைக்கே. இப்பவே."

"சரி." வைக்கப்போகிறார் என்று நினைத்தாள். வைக்கவில்லை. "இன்னும் அந்த நொய்யல்தானா?"

"இல்ல, பவானின்னு புதுசு வந்தாச்சு. நொய்யலைத் தொடைக்கணும். இப்ப அதுதான் பண்ணப்போறேன்."

"ரெண்டுலயும் ஃபோல்டர் பேரு ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"அப்போ அழிக்கதுக்கு முன்னாடி எந்த மெஷின்னு ஒருதடவை கேட்டுப் பாத்துக்கோங்க," என்றார் கோலப்பன். "கலர நம்பாதீங்க. வைக்கேன், ஆளு நிக்காங்க."

நிறத்தைப் பற்றி அவளிடம் அவர் பேசியதே இல்லை. ஆனால் அன்றைக்கு இரண்டும் பச்சையாக இருந்தது அவருக்குத் தெரியும், இவள் பிறகு மாற்றியிருப்பாள் என்பதும் தெரிந்திருக்கிறது. போன் சூடாகியிருந்தது, காதிலிருந்து எடுத்துத் துணியில் துடைத்து மேசையில் வைத்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. பசித்தது. பவானியும் சிவப்பு, நொய்யலும் சிவப்பு, பவானியில் நாளைக் காலை ஐந்து மணி பஸ்ஸில் கிளம்பப்போகிறவர்களின் பெயரெல்லாம் இருக்கின்றன. ஒன்று, இரண்டு என்று எண்ணி அமுக்கி, நீ யார் என்று அந்த இயந்திரத்தைக் கேட்டாள். நொய்யல் என்றது. கேட்டுவிட்டு மறுபடியும் கேட்டாள், அதே பதில். கமாண்டை அடித்தாள். முழுதாக, மெதுவாக. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். இதை அடித்தது பியூலா, மணி ஒன்று ஐந்து, என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வந்து, என்டரைத் தட்டினாள்.